ஆறு பந்துக்கு எண்ணூறு கிலோமீற்றர்

என் தங்கையின் மகன் மணிக்கட்டுச் சுழற்பந்து வீசுபவன். சென்ற ஆண்டு கொழும்பில் ஓர் அணித் தெரிவுக்கு அவனை அழைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இரவு பஸ் ஏறினான். விடியும்போது கோட்டையில் இறங்கி, குழாயடியில் முகம் கழுவி, மைதானத்தை விசாரித்துப் போய், பெயரைக் கொடுத்துவிட்டு வெயிலில் காத்திருந்தான். மதியமளவில் அவனுடைய முறை வந்தது. வலைக்குள் ஆறு பந்து போடச் சொன்னார்கள். இரண்டாவது பந்து கையிலிருந்து வழுக்கி முழுநீளத்தில் விழுந்துவிட்டது. நான்காவது பந்து துடுப்பின் வெளிவிளிம்பைத் தாண்டித் திரும்பியது. அந்த நேரம் பார்த்துத் தெரிவாளர் அடுத்த பையனின் பெயரைத் தாளில் தேடிக்கொண்டிருந்தார். ஆறாவது பந்து முடிந்ததும், அறிவிப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை வீட்டு விறாந்தையில் சப்பாத்தைக் கழற்றியபடியே, "ஆறு பந்துதான், மாமா" என்றான். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. என் தங்கையும் ஒன்றும் கேட்கவில்லை. தேநீரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போக நானூறு கிலோமீற்றர், வர நானூறு கிலோமீற்றர். அன்றிலிருந்து நான் கிரிக்கெட்டைப் பந்துக் கணக்கில் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் எல்லோரும் எண்ணுகிறார்கள். ஒரு பையனுக்கு ஒரு வருடத்தில், உண்மையான போட்டியில், எத்தனை பந்து வீசக் கிடைக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் குறைவு. இருபது ஓவர் போட்டித் தொடரான லங்கா பிரீமியர் லீக் வந்து இலங்கை அணியை உயர்த்தியதா, கெடுத்ததா என்ற வாக்குவாதம் எங்கள் ஊரில் ஓய்வதேயில்லை. அதற்கு விடை அந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

முதலில் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். 2020 நவம்பர் 26 ஆம் திகதி, கொரோனாக் காலத்தில், பார்வையாளர் இல்லாத அம்பாந்தோட்டை மைதானத்தில் அந்த லீக் தொடங்கியது. ஐந்து அணிகளில் ஒன்றுக்கு எங்கள் ஊரின் பெயர். டிசம்பர் 16 ஆம் திகதி நடந்த இறுதிப் போட்டியில் திசர பெரேரா தலைமையிலான ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணி காலி அணியை 53 ஓட்டங்களால் வென்றது. அணி கைமாறி ஜப்னா கிங்ஸ் என்று பெயர் மாறிய பிறகு 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கோப்பை எங்களுக்கே. 2023 இல் கண்டி வென்றது. 2024 இல் சரித் அசலங்க தலைமையில் மறுபடியும் ஜப்னா. ஐந்து பருவங்களில் நான்கு கோப்பைகள். போர்க் காலத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, நாட்டின் மற்ற நகரங்களோடு சரிசமமாக எங்கள் ஊரின் பெயரையும் அறிவிப்பாளர் உரக்கச் சொன்னது சாதாரண விடயமாகப் படவில்லை. அந்த முதல் டிசம்பரில் எங்கள் ஒழுங்கையில் வெடி கொளுத்தினார்கள். நானும் தெருவுக்கு வந்து நின்றேன்.

ஆனால் அந்த ஐந்து பருவங்களிலும் ஒரு பந்துகூட யாழ்ப்பாணத்தில் வீசப்படவில்லை.

எங்கள் ஊரிலிருந்து போய் வீசியவர் ஒருவர் இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 2020 டிசம்பர் 4 ஆம் திகதி யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் ஜப்னா ஸ்டாலியன்ஸ் சீருடையில் களமிறங்கினார். பத்தொன்பது வயதைத் தொடுகின்ற வேளை. அஞ்சலோ மத்யூஸ் அவருடைய முதல் விக்கெட். நாங்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டோம். பிறகு 2023 இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்குச் சென்ற இலங்கை அணியில் அவர் இருந்தார். 2024 மே மாதம், காயமடைந்த வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாகச் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்கு வந்து ஐபிஎல் போட்டியில் பந்து வீசினார். லீக் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த முதல் ஓவரை வீசுவதற்கு முன்னால் மத்திய கல்லூரி மைதானத்தில் அவர் வீசியிருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான பந்துகளை லீக் கொடுக்கவில்லை. அவற்றை ஒரு பாடசாலையும் ஒரு பயிற்றுநரும் வெயிலும் கொடுத்தன.

இப்போது கணக்குக்கு வருவோம். லீக்கில் ஓர் அணி பதினொருவரில் நான்கு வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம். மீதி ஏழு இடம். ஐந்து அணிகளுக்கும் சேர்த்து முப்பத்தைந்து உள்ளூர் வீரர்கள். ஒரு பந்துவீச்சாளருக்கு ஒரு போட்டியில் அதிகபட்சம் நான்கு ஓவர், அதாவது இருபத்துநான்கு பந்து. முதற்சுற்றில் ஓர் அணிக்கு எட்டுப் போட்டிகள். எல்லாப் போட்டியிலும் ஆடி, எல்லாப் போட்டியிலும் நான்கு ஓவரும் வீசினாலும், முதற்சுற்று முடியும்போது அவர் வீசியிருப்பது 192 பந்துகள்தான். இளம் பந்துவீச்சாளரிடம் எந்தத் தலைவரும் நான்கு ஓவரையும் நம்பிக் கொடுப்பதில்லை என்பது வேறு விடயம்.

எங்கள் வடக்கின் பெரும் போரை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் போட்டி. மூன்று நாள் ஆட்டம். ஒரு சுழற்பந்து வீச்சாளன் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து முப்பது ஓவர் வீசுவது அதிசயமில்லை. முப்பது ஓவர் என்றால் 180 பந்துகள். ஒரு மார்ச் மாதத்து மூன்று நாட்களில், லீக்கின் முழு முதற்சுற்றுக்குக் கிட்டத்தட்டச் சமமான பந்துகளைப் பாடசாலைச் சிறுவன் வீசிவிடுகிறான். அதிலும் முக்கியம், காலையில் அடி வாங்கியவன் மாலையில் மறுபடி வந்து வீசவேண்டும். அந்த இரண்டாவது வருகையில்தான் ஒரு பந்துவீச்சாளன் உருவாகிறான். லீக்கில் இரண்டாவது வருகை என்பது இரண்டு ஓவர்.

முத்தையா முரளிதரன் 1998 இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 16 விக்கெட்டுகள் எடுத்தார். முதல் இன்னிங்ஸில் 59.3 ஓவர், இரண்டாவதில் 54.2 ஓவர். மொத்தம் 683 பந்துகள், ஒரே டெஸ்ட் போட்டியில். லீக்கின் மூன்றரை முதற்சுற்றுகள். அந்தத் தோள் எங்கே பழகியது என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான காட்சியை 2023 ஒரே ஆண்டில் கண்டோம். மதீஷ பத்திரன அந்த ஆண்டு ஐபிஎல்லில் சென்னை அணிக்காக 12 போட்டிகளில் 19 விக்கெட்டுகள் எடுத்தார். கடைசி ஓவர்களில் அவருடைய யோர்க்கரைத் தொட முடியாமல் பெரிய துடுப்பாட்ட வீரர்கள் தடுமாறினார்கள். சென்னை கோப்பையை வென்றது. ஒக்டோபர் 7 ஆம் திகதி ஐம்பது ஓவர் உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக அதே பத்திரன 10 ஓவர்கள் வீசி 95 ஓட்டங்கள் கொடுத்தார். தென்னாபிரிக்கா 428. அந்தப் பிள்ளையைத் திட்டி எழுதியவர்களைப் பார்த்து எனக்கு மனம் நொந்தது. சென்னையில் அவருக்கென்று வைத்திருந்த வேலை வேறு. ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், எல்லைக்கோட்டில் ஐந்து பேரை நிறுத்திக்கொண்டு, தலைவர் சொல்லும் நேரத்தில் வந்து வீசும் வேலை. பதினைந்தாவது ஓவரில், ஆடுகளத்தில் ஒன்றும் இல்லாதபோது, விக்கெட் கேட்காமல் ஓட்டத்தைக் கட்டிப்போடும் வேலையை அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. கற்பதற்கு வேண்டிய பந்துகள் அவருக்குக் கிடைக்கவில்லை.

அதே உலகக் கிண்ணத்தில் இலங்கை ஒன்பது போட்டிகளில் இரண்டை மட்டும் வென்று ஒன்பதாவது இடத்தில் முடித்தது. 2025 சாம்பியன்ஸ் கிண்ணத்துக்குத் தகுதி பெறவில்லை. வான்கடே மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக 19.4 ஓவரில் 55 ஓட்டங்களுக்கு எல்லோரும் ஆட்டமிழந்தனர். உலகக் கிண்ணம் தொடங்குவதற்கு முந்தைய மாதம் பிரேமதாச மைதானத்தில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் அதே இந்தியாவுக்கு எதிராக 50. லீக் முடிந்தது ஓகஸ்ட் 20 ஆம் திகதி. ஐம்பதுக்குச் சுருண்டது செப்டெம்பர் 17 ஆம் திகதி. இந்தப் பழியை லீக்கின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. இந்தியாவின் சிராஜ் அன்று வீசியது எந்த அணியையும் சாய்த்திருக்கும். ஆனாலும் மழை ஈரத்தில் பந்து வளையும்போது இருபது பந்தை விட்டுவிட்டு நிற்கும் பழக்கம் எங்கள் துடுப்பாட்ட வீரர்களிடம் அன்று இருக்கவில்லை. இருபது பந்தை விட்டுவிட்டு நிற்பவனுக்கு லீக்கில் இடமும் இல்லை.

அந்த ஆண்டு லீக் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டது. 2023 லீக்கில் அதிக ஓட்டங்களும் அதிக விக்கெட்டுகளும் ஹசரங்கவுக்கே. ஆனால் அங்கேயே தொடைத் தசையில் காயம்பட்டு, தன் அணி விளையாடிய இறுதிப் போட்டியையும், பிறகு ஆசியக் கிண்ணத்தையும், உலகக் கிண்ணத்தையும் தவறவிட்டார். இலங்கையின் சிறந்த இருபது ஓவர் வீரர், நாட்டுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் வீட்டில் இருந்தார்.

சரி, இருபது ஓவர் ஆட்டத்திலாவது லீக் பலன் தந்ததா? 2022 செப்டெம்பரில் தந்தது என்றே சொல்வேன். நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்து, எங்கள் மண்ணில் நடக்கவேண்டிய ஆசியக் கிண்ணம் ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போனது. எரிபொருள் வரிசையில் நின்று களைத்த மக்களுக்கு, துபாயில் பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்று அந்த அணி ஓர் இரவைப் பரிசளித்தது. ஐந்து விக்கெட் விழுந்த பிறகு பானுக ராஜபக்சவும் ஹசரங்கவும் ஆடிய விதத்தில் லீக்கின் துணிச்சல் தெரிந்தது. பயந்து ஒதுங்கவில்லை. வெளிநாட்டு வேகப்பந்து வீச்சாளர்களை முன்பே பார்த்துப் பழகிய கண்கள் அவை. ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது, ஒக்டோபர் 16 ஆம் திகதி ஜீலோங்கில் நமீபியாவிடம் 55 ஓட்டங்களால் தோற்றார்கள். ஒரே அணி. துணிச்சல் இருந்தது, அது எடுபடாத நாளில் பிடித்து நிற்க இரண்டாவது வழி இருக்கவில்லை.

2024 ஜூலை இன்னும் விசித்திரம். 21 ஆம் திகதி அசலங்க ஜப்னாவுக்காகக் கோப்பையைத் தூக்கினார். அந்த மாதக் கடைசியில் அவரே இலங்கையின் இருபது ஓவர் அணித் தலைவர். லீக்கில் சூடேறி வந்த அணி, உள்ளூர் மைதானத்தில், இந்தியாவிடம் மூன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றது. பல்லேகலையில் நடந்த மூன்றாவது போட்டியை நான் ஒரு தேநீர்க் கடையில் பார்த்தேன். பன்னிரண்டு பந்தில் ஒன்பது ஓட்டம் வேண்டும். பந்து வீச வந்தவர்கள் ரிங்கு சிங்கும் சூரியகுமார் யாதவும். இருவரும் துடுப்பாட்ட வீரர்கள். பன்னிரண்டு பந்தும் முடிந்தபோது ஆட்டம் சமம். சூப்பர் ஓவரில் இலங்கை எடுத்தது இரண்டே ஓட்டம். கடைக்காரர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கிளாஸ்களைக் கழுவப் போனார். யாரும் பேசவில்லை.

ஆனால் அடுத்த வாரமே ஐம்பது ஓவர் போட்டிகளில் அதே இந்தியாவை இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றார்கள். 1997 க்குப் பிறகு இந்தியாவுக்கு எதிரான முதல் ஒருநாள் தொடர் வெற்றி. இரண்டாவது போட்டியில் ஜெப்ரி வன்டர்சே ஆறு விக்கெட் எடுத்தார். முப்பத்துநான்கு வயது மணிக்கட்டுச் சுழற்பந்து வீச்சாளர். வருடக்கணக்காகக் கழகக் கிரிக்கெட்டில் ஓவர் ஓவராக வீசித் தேர்ந்த கை. அன்று என் மருமகன் கைபேசியில் அந்த ஆறு விக்கெட்டுகளையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மற்ற நாடுகளைப் பார்த்தாலும் லீக்கையும் கோப்பையையும் ஒரே நூலில் கோர்க்க முடியவில்லை. இந்தியா இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை ஐபிஎல் வருவதற்கு முன் 2007 இல் வென்றது. ஐபிஎல் வந்த பிறகு அடுத்ததற்கு 2024 வரை காத்திருந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் வீரர்கள் உலகத்து லீக்குகள் எல்லாவற்றிலும் ஆடினார்கள். 2016 இல் உலகக் கிண்ணமும் வென்றார்கள். 2023 ஐம்பது ஓவர் உலகக் கிண்ணத்துக்கு வரவே முடியவில்லை. பங்களாதேஷில் 2012 முதல் லீக் நடக்கிறது, இன்னும் ஒரு உலகக் கிண்ணம் இல்லை. நாங்களோ 2014 இல் மிர்பூரில் இந்தியாவை வென்று கிண்ணம் எடுத்தபோது எங்களுக்கென்று நிலைத்த லீக் எதுவும் இருக்கவில்லை. 2012 இல் ஒரு பருவம் நடந்த லீக் ஒன்று அதோடு நின்றுபோயிருந்தது.

இலங்கை உலகக் கிண்ணத்தை வென்ற 1996 ஐ நினைக்காமல் இதை எழுத முடியாது. அப்போது நான் சிறுவன். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு எல்லோரோடும் நடந்து வந்து, தென்மராட்சியில் ஒரு தென்னந்தோப்பில் தங்கியிருந்தோம். மின்சாரம் இல்லை. மின்கலம் கிடைக்காது. மார்ச் 17 ஆம் திகதி மாலை அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயர் பூட்டி, பெடலைக் கையால் சுற்றி வானொலியைப் பேசவைத்தார். சுற்றுவது தளர்ந்தால் குரல் இழுபடும். பிறகு மறுபடி நிமிரும். லாகூரில் நடந்த இறுதிப் போட்டியில் அரவிந்த டி சில்வா ஆடிக்கொண்டிருந்தார். சுற்றி இருந்தவர்கள் ஒரே மனதாக இருக்கவில்லை. எங்களைத் துரத்திய போர் அந்த நாட்டின் பெயரில்தான் நடந்துகொண்டிருந்தது; இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். அப்பா பெடலை விடவில்லை. அரவிந்த 107, ஆட்டமிழக்கவில்லை. நான் நித்திரையாகிவிட்டேன் என்று நினைத்து, அப்பா என் காதருகில் வந்து ஓட்டத்தைச் சொன்னார்.

அந்த அரவிந்த அதற்கு முந்தைய கோடையை இங்கிலாந்தில் கென்ட் கழகத்தில் கழித்தவர். லோர்ட்ஸில் பென்சன் அன்ட் ஹெட்ஜஸ் கிண்ண இறுதிப் போட்டியில் 112 அடித்தார். சம்பளத்துக்கு வெளிநாட்டில் ஆடுவது அப்போதும் இருந்தது. அதில் தப்பொன்றும் இல்லை. அவருக்கு அங்கே கிடைத்தது நான்கு நாள் போட்டிகள், ஈர ஆடுகளங்கள், தோற்ற பிறகு வாரக் கடைசிக்குள் திரும்ப வரும் அடுத்த வாய்ப்பு. அதனால்தான் லீக்கை ஒழிக்கவேண்டும் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். 2026 இருபது ஓவர் உலகக் கிண்ணத்துக்கு ஆயத்தமாகவென்று 2025 லீக்கைத் தள்ளிவைத்தார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை; ஆனால் தள்ளிவைத்த அந்த வாரங்களில் வடக்கில் எத்தனை மூன்று நாள் போட்டிகள் நடத்தினீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. முதல்தரப் போட்டிகளில் ஆடும் பெரிய கழகங்கள் கொழும்பிலும் அதைச் சுற்றியும் இருக்கின்றன. பெயரில் தமிழைக் கொண்ட தமிழ் யூனியன் கழகத்தின் மைதானமும் கொழும்பில்தான். 2022 இல் தேசிய சூப்பர் லீக் தொடங்கியபோது ஐந்து அணிகளில் ஒன்றுக்கு யாழ்ப்பாணம் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வந்தது, வடக்கில் ஒரு முதல்தரக் கழகம் வரவில்லை. பாடசாலையை விட்டு வெளியேறும் பத்தொன்பது வயதுப் பையன் அடுத்த நாள் எங்கே போய்ப் பந்து வீசுவான்? கொழும்பில் அறை எடுத்துத் தங்க வசதி இருந்தால் ஒரு கதை. இல்லாவிட்டால் மென்பந்துப் போட்டிகள், பிறகு ஒரு கடையில் வேலை, அல்லது வெளிநாடு.

ஆடுகளமும் ஒரு சிக்கல். எங்கள் மைதானங்களில் பெரும்பாலும் மற்றிங் ஆடுகளம். இறுகிய தரையில் கயிற்று விரிப்பை இழுத்து, ஓரங்களில் இரும்பு ஆணி அடித்து இறுக்குவார்கள். ஒரு மூலை தளர்ந்தாலும் பந்தின் எழுச்சி மாறிவிடும். அதில் சுழற்பந்து நன்றாகப் பிடித்து, இடுப்பளவு எழும்பும். மணிக்கட்டைத் திருப்பும் பையனுக்கு அது சொர்க்கம். அவன் ஐந்தாறு வருடம் அந்த எழுச்சிக்கு ஏற்ற நீளத்தில் பந்தைப் போட்டுப் பழகுகிறான். பிறகு ஒரு நாள் கொழும்பில் புற்றரை ஆடுகளத்தில் நிற்கும்போது அதே நீளத்தில் விழும் பந்து தாழ்ந்து வழுக்கிக்கொண்டு போகிறது. ஓர் அடி முன்னால் போடவேண்டும், இன்னும் மெதுவாகப் போடவேண்டும். அதை விரல்கள் கற்க நூற்றுக்கணக்கான பந்துகள் வேண்டும். என் மருமகனின் இரண்டாவது பந்து முழுநீளத்தில் விழுந்ததற்குக் காரணம் பதற்றம் இல்லை. முதல் பந்து தாழ்ந்து போனதைக் கண்டு, உடனே நீளத்தைத் திருத்தப் பார்த்தான். சரியாகத்தான் யோசித்திருக்கிறான். திருத்தி முடிக்க நான்கு பந்துதான் மிச்சம் இருந்தது.

2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். பண்ணைப் பாலத்தால் போகும்போது கடல்காற்றுக்குள் அந்த வெளியைப் பார்க்கிறேன். அது கட்டி முடியவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஜப்னா கிங்ஸ் ஒரு நாள் அங்கே ஆடவேண்டும். நான் மருமகனோடு பஸ்ஸில் போய், டிக்கெட் வாங்கிப் பார்க்கவேண்டும். ஆனால் பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்பது வேறு. பார்வையாளர் அரங்கு எழும்புவதற்கு முன்னால், பெரிய விளக்குகள் வருவதற்கு முன்னால், மைதானத்தின் ஓரத்தில் ஆறு புற்றரைப் பயிற்சி ஆடுகளங்களைப் போட்டு, வடக்கின் பதினைந்து முதல் இருபது வயதுப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். அதற்குக் கோடிக்கணக்கில் வேண்டாம். களிமண், உருளை, தண்ணீர், அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த இரண்டு பேர் போதும். எங்கள் ஊரின் பெயரை வைத்துக் கோப்பை வாங்கும் அணி எதுவாக இருந்தாலும், அந்த இருவரின் சம்பளத்தைக் கொடுக்கட்டும்.

கொழும்பிலிருந்து மருமகன் திரும்பிய அந்த வாரம் அவனுக்கு ஒரு சிஆர் கொப்பி வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் வீசிய பந்துகளை எழுதச் சொன்னேன். முதலில் தயங்கினான், பிறகு அவனே அதில் கோடு கிழித்து நிரல்கள் போட்டுக்கொண்டான். திகதி, வலையில் வீசியது, போட்டியில் வீசியது, மழை. சென்ற மாதம் மட்டும் 1,460. நேற்று மாலை மைதானத்தில் மற்றிங்கைச் சுருட்டி வைத்துவிட்டு, மரத்தடியில் இருந்து எழுதிக்கொண்டிருந்தான். நான் வாங்கிப் பார்த்தேன். வலது ஓரத்தில் 'புற்றரை' என்று ஒரு நிரல் போட்டிருக்கிறான். அதில் முதல் வரியில் ஆறு என்று இருக்கிறது. கீழே பக்கம் முழுவதும் காலி.